திருகாணி செய்த தொண்டு

ஏட்டுச் சுவடிகளைக் காத்தவை இரண்டு: மேலும் கீழுமாய் வைத்த மரச்சட்டங்கள், துளைவழிக் கோத்த கயிறு. அவை எழுத்தல்ல, எனினும் அவையின்றி எழுத்து நிலைத்திராது. கணிப்பொறிக்கும் இஃது ஒக்கும்.

மயிலாப்பூர் நண்பர் இல்லத்தில் 1998-இல் வாங்கிய கணிப்பொறியொன்று உறங்கிக் கிடந்தது. தமிழாசிரியராயிருந்து மறைந்த அவர்தம் தந்தையார் தொகுத்த நாட்டுப்புறப் பாடல்கள் அதன் வன்தட்டில் இருந்தன. வேறு படி இல்லை. வன்தட்டைத் தாங்கிய தகடோ துருவேறி முறிந்திருந்தது.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு அதனைக் கொண்டு சென்றோம். வன்தட்டின் அகலம் 4 அங்குலம். பெட்டியில் எஞ்சியிருந்த அறையின் அகலமோ 5¾ அங்குலம். இடைவெளியை நிரப்பும் தாங்கி கிடைக்கவில்லை. பழுதுபார்க்கும் இளைஞர் அலுமினியப் பட்டை இரண்டை வளைத்துத் துளையிட்டார். வன்தட்டுக்கு உரியது 6-32 திருகாணி, குறுந்தட்டு இயக்கிக்கு உரியது எம்3; மாற்றி முடுக்கினால் மரை அழியும், நீளம் மிகுந்தால் உள்ளிருக்கும் மின்பலகையில் இடிக்கும் என்று விளக்கினார். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு அசையாதிருத்தல் வேண்டுமன்றோ!

பொறி இயங்கியது, பாடல்கள் கிடைத்தன. அக்கால எழுத்துரு ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தமையால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வருகிறோம்.

மாணவச் செல்வங்களே! பதிப்பாசிரியரைப் போற்றும் நாம், சுவடிக்குச் சட்டம் அறுத்த தச்சரை அறியோம். தமிழ்த்தொண்டில் அவருக்கும் பங்குண்டு. வீட்டுப் பழங்கணிப்பொறியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன், அதில் யாருடைய எழுத்து உறங்குகிறதென்று பெரியோரிடம் கேளுங்கள். அந்தத் திருகாணிகளையும் எறிந்துவிடாதீர்கள்.