சாமிப்படத்துக்குப் பின்னால்

மகள், ஹம் காமாட்சி அம்பாளின் தேருக்கு ஏழாம் மாத வயிற்றோடு வரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னா. வா. மறிக்கிற ஆள் நானில்லை. ஆனால் முற்றர்பாஸ், அந்தக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம், கைப்பைக்குள் இருக்கவேண்டும்.

1988இல், உனக்கு அக்கா முறையான என் மகள் வயிற்றில். அகதி வழக்கு முடியாதவர்கள் பதிந்த மாவட்டத்தைத் தாண்ட அப்போது ஜேர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். உன் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டபோது, பொலிஸ் மறித்தால் காட்ட அந்த அனுமதித் துண்டை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தேன். முற்றர்பாஸோ, ஊத்தை படக்கூடாதென்று வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால்!

ரெயினில் இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. இடையில் இறங்கிய ஊர் ஆஸ்பத்திரியில் முதல் கேட்டதே முற்றர்பாஸைத்தான். இரத்த வகை என்ன, ஸ்கானில் நஞ்சுக்கொடி எங்கே இருந்தது, பிள்ளை பிறக்கும் திகதி எப்போது? எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. என் வாயில் பத்து டொச் சொல்கூட இல்லை. பரிசோதனைகளை முதலிலிருந்து செய்தார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தை இன்னும் மறக்கவில்லை. 1961இலிருந்து இந்த நாடு பிள்ளைத்தாச்சிகளுக்குக் கொடுத்துவரும் புத்தகம் அது. பூட்டிவைக்க அல்ல.

காரில் வந்தால், வயிறு நசியும் என்று பெல்ட்டைக் கழற்றச் சொல்ல நம் ஆட்களில் யாராவது இருப்பார்கள். கேளாதே. கீழ்ப்பட்டி வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு படியவேண்டும். மேல்பட்டி மார்புகளுக்கு நடுவால் வந்து வயிற்றின் பக்கமாக இறங்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்தி நட. கர்ப்பத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடும், காலை மடக்கியே இருந்தால் கட்டிவிடும்.

யாழ்ப்பாணம் போகும் யோசனையும் இருக்கிறதாம். சிக்கலில்லாத கர்ப்பமென்றால் லுப்தான்சா 36ஆம் வாரம் முடியும்வரை ஏற்றும், இரட்டைப்பிள்ளை என்றால் 28 வரைதான். மற்ற விமானங்களுக்கு வேறு கணக்கு. கேட்டுவிட்டு ரிக்கற் போடு. போகும் நாளை மட்டும் எண்ணாதே, திரும்பும் நாளையும் எண்ணு. இங்கத்தைய அரசாங்க மருத்துவக் காப்புறுதி இலங்கையில் செல்லாது. தனியாக எடுக்கும் பயணக் காப்புறுதி பிரசவச் செலவைத் தருமா என்று எழுத்தில் கேள்.

தேரன்று சனம் நெரியும். வடத்துக்குக் கிட்டப் போகாதே, நிழலில் நின்று கும்பிடு. அதற்கு முன், என் வாசலில் இறங்கியதும் பையைத் திறந்து முற்றர்பாஸைக் காட்டு. பிறகுதான் மோதகம்.