அழிக்கவா என்று கேட்டது, 'ஒய்' தட்டினேன்

காலாண்டு லீவுல நான் செய்த ஒரு தப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கே-டர்டில் என்று ஒரு மென்பொருள். கட்டளை கொடுத்தால் திரையில் ஆமை ஊர்ந்து கோடு போடும். அதன் கையேட்டைத் தமிழில் எழுதலாம் என்று நானும் என் தோழியும் கிளம்பினோம். யாரிடம் அனுமதி கேட்பது? கையேட்டிலேயே இருந்தது: குனூ கட்டற்ற ஆவண உரிமம். யாரும் மொழிபெயர்க்கலாம், அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு கணக்கும் பொதுவாக ஒரு அடைவும் (அதாங்க, ஃபோல்டர்) போட்டுக் கொடுத்தார். எல்லாத்தையும் அதிலேயே கொட்டினோம். 'புதுசு', 'புதுசு2', 'கடைசி', 'கடைசி கடைசி'. சிரிக்காதீங்க, உங்க ஃபோட்டோவும் அப்படித்தானே இருக்கு!

தோழி 140 வாக்கியம் முடித்து, யாரும் மாற்றக் கூடாதென்று தன் கோப்புக்கு 444 போட்டாள். 4 என்றால் படிக்க மட்டும். உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று பேருக்கும். ஒரு மத்தியானம் நான் பழைய கோப்புகளைக் கூட்டிப் பெருக்கினேன். எழுதத் தடையுள்ள கோப்பு, அழிக்கவா என்று கேட்டது. 'ஒய்' தட்டிட்டேன். போச்சு.

444 போட்டும் எப்படிப் போகும்? அண்ணன் சொன்னார்: கோப்புக்குள் எழுதத்தான் கோப்பின் அனுமதி வேணும். கோப்பையே அழிப்பது என்பது அடைவிலிருந்து அதன் பெயரை எடுப்பது. அதுக்கு அடைவின் அனுமதி போதும். எங்கள் அடைவோ 777, எல்லாருக்கும் எல்லாம். நோட்டுக்குப் பூட்டு போட்டு அலமாரியைத் திறந்து வைத்த கதை.

கே-டர்டில் வருகிற கே.டி.ஈ. திட்டத்தில் எப்படி என்றும் காட்டினார். மொழிக்கு ஒரு அடைவு, தமிழுக்கு 'டி.ஏ.'. அதற்குள் திரைச் சொற்கள் தனி, கையேடு தனி. ஆங்கில மூலம் வேறு அடைவில். யாரும் பார்க்கலாம், எழுத, கணக்கு உள்ளவர்தான். புதியவர்கள் மொழி ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்ப வேண்டும்.

நாங்களும் அடைவுகளைப் பிரித்தோம். பொது அடைவுக்கு 1777. முன்னால் ஒரு 1 சேர்த்தால் அவரவர் கோப்பை அவரவர்தான் அழிக்கலாம். (அடைவின் சொந்தக்காரரான அண்ணனும் அழிக்கலாம். அழிக்க மாட்டார்!)

தோழி நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்தாள். நான் வாசிக்க, அவள் தட்டினாள். இப்போ 96-ஆவது வாக்கியத்தில் இருக்கிறோம். அவள் அடைவில் எனக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி.

– பிளஸ் ஒன் மாணவி