நன்னிலமும் தீய வித்தும்

மருத்துவர் வழங்கும் சொற்களுள் நோயுற்றோர் செவிக்கு ஆறுதல் பயப்பது 'தீங்கிலாக் கட்டி' என்பதாம். மூளையைப் போர்த்திருக்கும் உறையினின்று தோன்றி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் கட்டி பெரும்பாலும் அத்தகையதே. ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1922-ஆம் ஆண்டில் அதற்கு மெனிஞ்சியோமா எனப் பெயரிட்டார். பலருக்கு அது வாழ்நாள் முழுதும் இடுக்கண் யாதும் செய்யாது கிடக்கும்.

ஆயினும், உடலின் பிறிதோரிடத்துத் தோன்றிய புற்றுநோயின் உயிரணுக்கள் குருதியோடு சென்று அக்கட்டிக்குள்ளேயே குடிபுகுதலும் உண்டு. நுரையீரற் புற்றுநோய் அங்ஙனம் புகுந்ததை ஃபிரீட் என்பார் 1930-இல் எழுதி வெளியிட்டார். இது மிக அரிதே. நிகழுமிடத்து, மார்பகத்தினின்றோ நுரையீரலினின்றோ வந்ததாகவே பெரும்பாலும் காணப்படுகின்றது.

இதற்குக் காரணம் என்னை? மார்பகப் புற்றுநோயால் இறந்த மகளிர் 735 பேருடைய குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கில மருத்துவர், வித்து எங்கும் சிதறினும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்னும் கருத்தை 1889-இல் நிறுவினார். மெனிஞ்சியோமா அத்தகைய நிலம் போலும். அதில் குருதிநாளங்கள் மிகுதி. மூளையைக் காக்கும் குருதித்தடை அதற்கில்லை. மெல்ல வளர்வதால் வித்து வந்து விழக் காலமும் நெடிது.

எம் குடும்பத்தில் இவ்விரு நோயும் ஒருங்கே உற்ற அத்தையார் ஒருவர் உளர். ஆதலின், இஃது எமக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. அவர்தம் தலையைக் காந்தக் கருவியாற் படமெடுக்குந்தோறும், 'கட்டி முன்போலவே உளது' என்னும் ஒரு சொல்லுக்காக யாம் அனைவரும் காத்திருக்கின்றோம். பல்லாண்டு உறங்கிய கட்டி திடுமென வளருமாயின், அது தன்னியல்பில் வளர்ந்ததோ, உள்ளே பிறிதொன்று புகுந்ததோ எனப் படத்தால் மட்டும் துணிதல் அரிது. கட்டியை எடுத்து நுண்ணோக்கியிற் காணுங்கால், இருவகை உயிரணுக்களும் அருகருகே புலப்படும். சிகிச்சை அத்துணிவைப் பொறுத்தே மாறும்.

மற்றொருபால், புற்றுநோயாளரின் தலையிற் காணும் கட்டி யாவும் அந்நோயின் பரவலே என அஞ்சுதலும் தகாது. அது வெறும் மெனிஞ்சியோமாவாகவும் இருத்தல் கூடும்.

மருத்துவம் பயிலப் புகும் மாணவ அன்பர்காள்! 'நல்லது' என்றோ 'தீயது' என்றோ ஒரு பெயரிட்ட அளவில் ஆராய்ச்சி முற்றுப்பெறுவதில்லை. மாறுதல் கண்டவிடத்து மீண்டும் நோக்குமின். அந்நோக்கினை எதிர்பார்த்து எம்போல் எத்தனையோ குடும்பங்கள் வெளியே அமர்ந்திருக்கின்றன.