விடுப்பு விசாரணை

ஆயுள் கைதி ஒருவர் விடுப்புக்கு மனுப் போட்டால், அவர் ஊருக்குப் போய் விசாரித்து அறிக்கை கொடுப்பது நன்னடத்தை அலுவலரின் வேலை. என் பணிக்காலத்தில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று ஓய்வுபெற்ற பிறகும் நினைக்கிறேன். சிறைக்குள் நடக்கும் தியான வகுப்புக்குப் புகைப்படம் உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. வெயிலில் நடந்து போய் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, "அவர் வந்தா எங்கம்மா படுப்பார்?" என்று கேட்பதை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் 1982-இல் வந்தவை. சாதாரண விடுப்பு எதற்கெல்லாம் தரலாம் என்று அவற்றில் சொல்லியிருப்பதைப் படித்தால், எழுதியவர் ஊர்நாட்டை அறிந்தவர் என்று தோன்றும். விதைப்பு, அறுப்பு, வீட்டைப் பழுதுபார்ப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, பாகப்பிரிவினைத் தகராறைத் தீர்ப்பது, விடுதலைக்குப் பின் பிழைப்புக்கு ஏற்பாடு செய்துகொள்வது. இவற்றில் நாலு காரியத்தை ஒருவன் தண்டனைக் காலத்திலேயே வந்து செய்துவிட்டுப் போனால் குடும்பத்தில் அவனுக்கு ஓர் இடம் மிஞ்சும். அந்த இடம் மிஞ்சியவன் மறுபடி உள்ளே வருவது அபூர்வம். இத்தனை வருடத்தில் நான் கற்றது இதுதான்.

விசாரணைக்குப் போகும் இளம் அலுவலர்கள் முதலில் காவல் நிலையத்துக்குப் போவார்கள். நான் அங்கே கடைசியில்தான் போவேன். அங்கே கேட்ட பதில் மனதில் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் வீட்டில் எதைப் பார்த்தாலும் அதற்குத் தோதாகவே தெரியும். வீட்டிலும் முதலில் பேசுகிறவர் பெரும்பாலும் அண்ணனோ மாமனாரோதான். அவர்கள் பேசி முடித்து எழுந்துபோகும் வரை காத்திருந்து, மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா? மூத்த மகனுக்கு அப்பா முகம் நினைவிருக்கிறதா? அவர் பங்கு நிலத்தை இப்போது யார் உழுகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அந்தம்மா பதில் சொல்லாமல் அண்ணன் போன திசையைப் பார்த்தால், அடுத்த தகராறு எங்கே முளைக்கும் என்று எனக்குத் தெரிந்துவிடும். அறிக்கையில் அதையும் எழுதுவேன். விடுப்பை மறுப்பதற்காக அல்ல. பாகப்பிரிவினைக்கென்றே விடுப்புத் தரலாம் என்று பரிந்துரைப்பதற்காக.

கடினமானது கொலையானவர் வீடு. வரப்புச் சண்டை, பாதைத் தகராறு என்று நடந்த கொலைகளில் இரண்டு வீடும் ஒரே ஊரில், பல நேரம் பங்காளி வீடுகளாக இருக்கும். "அவர் வர ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். அப்படிக் கேட்கக் கூடாது. அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்கலாம். கைதியின் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு என்பது 1998-இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய விஷயம். தமிழ்நாட்டிலும் கூலியில் அதற்கான பிடித்தம் உண்டு. ஆனால் உரிய குடும்பங்களில் பலருக்கு அப்படி ஒரு நிதி இருப்பதே தெரியாது. அதைக் கேட்டு அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் யாரும் யாரையும் மன்னித்துவிடவில்லை. ஆனால், "எங்க கண்ணுல படாம இருக்கச் சொல்லுங்க சார்" என்ற அளவுக்குப் பேச்சு இறங்கி வரும். அது போதும், அதை நிபந்தனையாக எழுதிவிடலாம்: அந்தத் தெரு வழியாக நடக்கக் கூடாது, திருவிழா நாட்களில் ஊரில் இருக்கக் கூடாது. கோபத்தை நிபந்தனையாக மாற்றி எழுதத் தெரிந்தால் இந்தத் தொழிலில் பாதி தெரிந்த மாதிரி.

தொழிற்பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புழல் சிறையை ஒட்டி, இந்தியன் ஆயிலுடன் சேர்ந்து, கைதிகள் வேலை செய்யும் பெட்ரோல் பங்க் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் நீட்டும் பணத்தை வாங்கி, சில்லறையைச் சரியாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அங்கே கிடைக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் சிறையில் கேக் செய்யக் கற்றவர் திரும்பிப் போகும் ஊரில் அடுமனை இல்லையென்றால் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கும். என்ன கற்றுத் தரலாம் என்று அவர் மனைவியைக் கேட்டிருந்தால், ரெண்டு கறவை மாடு வாங்க வழி கேட்டிருப்பார்.

இவ்வளவும் தண்டனைக் கைதிகளுக்குத்தான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு இந்த விடுப்பு கிடையாது, ஆகவே ஊர் விசாரணையும் கிடையாது. திரும்பத் திரும்ப உள்ளே வருகிறவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் அதிகம். வரப்புச் சண்டையில் வெட்டியவர் மறுபடி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. செல்போன் திருடியவன், பேட்டரி கழற்றியவன் வந்துகொண்டே இருப்பான். ஜாமீன் உத்தரவு வந்துசேர்ந்து சாயங்காலம் வெளியே விடுவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பஸ்ஸுக்குக் காசிருக்காது. அந்த வட்டாரத்தில் அடுத்த திருட்டு நடந்ததும் முதலில் தேடப்படுவதும் அவன்தான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு, முதல் முறை சிக்கியவரை உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் விடச் சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு அந்தச் சலுகை இல்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி கண்காணிப்பில் விடலாமே என்றால், நிலையான இருப்பிடம் எங்கே என்று கேள்வி வரும்.

என்னிடம் யோசனை கேட்கும் அலுவலர்களுக்கு நான் சொல்வது: பக்கத்துக் கிளைச் சிறையில் மூன்றாவது தடவையாக வந்திருப்பவர்களின் பட்டியலை வாங்குங்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதே, விடுப்பு மனு வந்ததாக நினைத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போங்கள். அப்பா இருக்க மாட்டார், அண்ணன் கதவைச் சாத்திவிடுவார். வேறு ஊரில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருத்தி பெரும்பாலும் இருப்பாள். அவள் வீட்டுக்காரரிடம் பேச இரண்டு மூன்று நடை ஆகும். இந்தப் பயணத்துக்குப் படி கேட்டு பில் போட்டால் திரும்பி வந்துவிடும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.