ஊர்வனவும் ஓவியமும்

பாம்பைக் கண்டால் கழியைத் தேடுவதும், பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைத் தேடுவதும் நம் வீடுகளில் வழிவழி வந்த வழக்கம். பிழைப்பை நாடிக் கரக்பூருக்கு வந்து குடியேறிய பின்னும் அவ்வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. இத்தகைய வீடொன்றில் ஊர்வனவற்றின்மீது தீராக் காதல் கொண்ட இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் நேரிற் கண்டோம். அதன் பயனாக மேற்கொண்ட இரண்டு சிறு பயணங்களைப் பற்றி அன்பர்களுக்கு எழுத முற்படுகிறோம்.

அவ்விளைஞன் எங்கள் மைத்துனனே. வயது இருபத்திரண்டு. எவரிடமும் மாதச் சம்பளத்துக்குக் கட்டுப்படாமல், வந்த இடத்தில் வந்த வேலைக்குப் படம் வரைந்து பிழைப்பவன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை, பள்ளிகளுக்குச் சுவர்ப்படம், பூசைக் காலத்தில் பந்தல் அலங்காரம் என்று அவன் தூரிகைக்கு ஏதேனும் ஒரு வேலை அகப்படும். ஊரில் சிறுவனாய் இருந்தபோதே ஓணானை அட்டைப்பெட்டியிலும் தண்ணீர்ப்பாம்பைக் கண்ணாடிச் சாடியிலும் வளர்த்து அடி வாங்கியவன். நாங்கள் அவ்வயதில் புல்லைச் சுருக்கிட்டு ஓணானைத் தூக்கிலிட்டு விளையாடியவர்கள். ஆகையால் அவனைக் கண்டிக்க எங்களுக்கு வாய் எழவில்லை.

சென்ற ஆண்டு மார்கழியில் கொல்கத்தா சென்றிருந்தபோது, சந்தையோரத்தில் ஒருவன் கூடைக்குள்ளிருந்து ஓர் ஆமையை எடுத்துக் காட்டினான். கரிய ஓட்டின்மீது ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சட் கதிர்கள் பரவியிருந்தன. வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்றான். மைத்துனன் அதன் அழகில் மயங்கினான். நாங்கள் செல்வம் என்ற சொல்லில் மயங்கினோம். பேரம் பேசி வாங்கி, பைக்குள் ஒளித்து, ரெயிலேறி வந்து சேர்ந்தோம். ஒளித்துக் கொண்டுவர வேண்டிய பொருள் நல்வழியில் வந்த பொருளாய் இருக்குமோ என்று அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டில் மாமியார் ஒருவரே எதிர்ப்புத் தெரிவித்தார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனாவுக்கு நீங்களே வழி காட்டுகிறீர்கள், மாப்பிள்ளை" என்றார். நாங்கள் நகைத்தோம். தாழ்வாரத்தில் ஒரு மரப்பெட்டியே ஆமைக்கு வீடாயிற்று. கீரையும் புல்லும் உணவாயின. எங்கள் எட்டு வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் முதலில் பெட்டியருகேதான் செல்வான்.

மூன்று வாரம் கழிந்தது. மைத்துனன் படம் வரைந்து தரும் பள்ளி ஒன்றின் உயிரியல் ஆசிரியர், அவன் ஏட்டில் அவ்வாமையின் படத்தைக் கண்டு, "எங்கே பார்த்து வரைந்தாய்?" என்று வினவினார். அவன் உண்மையைச் சொன்னான். அவர் முகம் மாறியது. அது நட்சத்திர ஆமை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நாடுகளுக்கிடையே அதனை வணிகம் செய்வதையும் 2019-இல் உலக நாடுகள் கூடித் தடை செய்துவிட்டன. ஆயினும் ஆயிரக்கணக்கில் பிடிபட்டு, வங்க எல்லை வழியாகவும் கடல் வழியாகவும் வான் வழியாகவும் அயல்நாடுகளுக்குக் கடத்தப்படுகிறது என்று ஆசிரியர் விளக்கினார்.

எல்லாவற்றிலும் எங்களை உறுத்தியது வேறொரு செய்தி. இவ்வாமை வங்கத்துக்கு உரியதன்று. குசராத்து, இராசத்தான் பகுதிகளிலும், ஆந்திரம், தமிழ்நாடு, இலங்கை ஆகியவற்றின் வறண்ட புதர்க்காடுகளிலும் வாழ்வது. நம் சீமையின் முட்புதர் ஒன்றிலிருந்தே அது வந்திருக்கக்கூடும். நாம் பிழைக்க வழி தேடி, நம் விருப்பத்தோடு இவ்வூர் வந்தவர்கள். விடுமுறை கிடைத்தால் ஊருக்குப் போய் வருகிறோம். அது சாக்கில் கட்டப்பட்டு வந்தது. அதற்குத் திரும்பும் வழி இல்லை.

அன்றிரவு வீட்டில் எவரும் சரியாக உண்ணவில்லை. இரவோடிரவாக ஆற்றங்கரையில் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினோம். "அத்தான், அது நீராமை அல்ல, இந்த ஊர் மழையும் ஈரமும் அதற்கு ஆகாது. விட்டால் செத்துப்போகும். ஒப்படைத்துவிடலாம், திட்டு வாங்குவதானால் வாங்கிக்கொள்வோம்" என்றான் மைத்துனன். பின்னர் விளக்கைப் பெட்டியருகே இழுத்து வைத்துக்கொண்டு விடியுமட்டும் அதனை வரைந்தான். கட்டங்களை எண்ணினான், ஒவ்வொன்றிலும் கதிர்களை எண்ணினான்.

மறுநாள் நெஞ்சு படபடக்க வனத்துறை அலுவலகம் சென்றோம். அங்கிருந்த அலுவலர் ஆமையின் எடையைக் குறித்தார், ஓட்டை அளந்தார், எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினோம் என்பதையெல்லாம் எழுதி எங்கள் கையொப்பம் பெற்றார். தாமாகவே கொண்டு வந்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார். "அதனைச் சொந்தக் காட்டுக்கே அனுப்பிவிடுவீர்களா, ஐயா?" என்று கேட்டோம். அவர் தலையை அசைத்தார். எந்தக் காட்டிலிருந்து பிடித்தார்கள் என்று தெரியாமல் ஏதோ ஒரு காட்டில் விட்டால், கொண்டுபோகும் நோயும் கலக்கும் இரத்தமும் அங்குள்ள ஆமைகளுக்குக் கேடாக முடியுமாம். ஆகவே மீட்கப்படுபவற்றுள் எல்லாமே காடு திரும்புவதில்லை. நாங்கள் கொடுத்த சில நூறு ரூபாய் எத்தகைய தீங்கைச் செய்துவிட்டது என்பது அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

அதன்பின் மைத்துனன் தூரிகையைத் தொடவே இல்லை. வெற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதனைக் காணப் பொறாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் மகனையும் அழைத்துக்கொண்டு நயா கிராமத்துக்குப் புறப்பட்டோம்.

கரக்பூரிலிருந்து ஹவுரா செல்லும் வழியில் பாலிச்சக் நிலையத்தில் இறங்கி, சாலை வழியாகப் பிங்களா பக்கம் சென்றால் நயா வரும். அங்கே வாழ்வோர் சித்திரகர்கள். சுருள் ஓவியம் தீட்டுவதும், அச்சுருளை விரித்துக் காட்டிக் கதையைப் பாடுவதும் அவர்கள் குலத்தொழில். பெரும்பாலோர் இசுலாமியர், பாடுவதோ இந்துக் கடவுளர் கதைகளையும்தான். சங்குப்பூவிலிருந்து நீலம், மஞ்சளிலிருந்து மஞ்சள், இலைச்சாற்றிலிருந்து பச்சை, புகைக்கரியிலிருந்து கறுப்பு எனத் தாங்களே வண்ணம் கூட்டுகிறார்கள். அதில் வில்வப்பழப் பிசினைக் கலந்தால் வண்ணம் தாளில் ஒட்டிக்கொள்கிறது. சுருள் கிழியாதிருக்கப் பின்புறம் பழஞ்சேலைத் துணியை ஒட்டுகிறார்கள்.

ஓர் அம்மையார் மனசாதேவியின் சுருளை எங்கள் முன் விரித்துப் பாடினார். மனசா நாகங்களின் தெய்வம். அவளை வணங்க மறுத்த வணிகன் சாந்த் சவுதாகரின் மகன் இலக்கிந்தரைத் திருமண இரவில் காள்நாகினி தீண்டுகிறது. மணப்பெண் பேஹுலா கணவன் உடலோடு தெப்பத்தில் ஏறித் தேவருலகம் சென்று அவன் உயிரை மீட்டு வருகிறாள். சுருள் நெடுகிலும் பாம்புகள்! தெய்வத்தின் முடியிலே பாம்பு, கையிலே பாம்பு, இருக்கையிலே பாம்பு. மைத்துனன் வாய் திறந்தான். வங்கத்தில் காள்நாகினி என்று பெயர் பெற்ற பாம்பு உண்மையில் மரங்களுக்கிடையே தாவிச் செல்லும் அழகிய பறக்கும் பாம்பு என்றும், மனிதரைக் கொல்லும் நஞ்சு அதற்கு இல்லை என்றும் எங்களுக்கு விளக்கினான். கதை சுமத்திய பழியை அந்தப் பாம்பு இன்னும் சுமக்கிறது. ஆயினும் அந்த அம்மையாரின் வீட்டில் ஒரு பாம்பும் அடைபட்டிருக்கவில்லை. பாம்பை வளர்க்காமலே தலைமுறை தலைமுறையாய்ப் பாம்பினால் சோறு உண்கிறார்கள். திரும்பும் வண்டியில் மைத்துனன் ஏட்டை மடியில் விரித்துவிட்டான்.

அடுத்த மாதம் கொல்கத்தா சென்றோம். இம்முறை சந்தைப் பக்கம் தலை வைக்கவில்லை. சவுரங்கியில் அருங்காட்சியகத்தை அடுத்து அரசு கலைக் கல்லூரி நிற்கிறது. அதன் முன்னோடியான கலைப் பள்ளி 1854-இல் தொடங்கப்பட்டது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராய் இருந்த ஜோசப் ஃபேரர் இந்திய நச்சுப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதி 1872-இல் வெளியிட்டபோது, அதற்குப் படம் வரைந்தவர்கள் இக்கலைப் பள்ளியைச் சேர்ந்த வங்க இளைஞர்களே. அவர்களுள் அன்னதாபிரசாத் பாக்சி என்பவர் பெயர் பெற்றவர். 1878-இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ என்னும் கல்லச்சு நிலையத்தைத் தோழர்களோடு தொடங்கி, வீட்டுச் சுவர்களில் மாட்டும் கடவுளர் படங்களை அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே. பாம்பு வரைந்த கையே தெய்வமும் வரைந்தது. ஃபேரர் நூலின் படங்கள் இன்று கைப்பேசியிலேயே காணக் கிடைக்கின்றன. கல்லூரி மதிலருகே நின்று மைத்துனன் அவற்றை ஒவ்வொன்றாய்க் காட்டினான். செதில் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாய் இருந்தது. "அத்தான், இவர்களுக்கும் அப்போது என் வயதுதான் இருக்கும்" என்றான்.

அங்கிருந்து அலிப்பூர் விலங்கினச் சாலைக்குச் சென்றோம். 1876-இல் திறக்கப்பட்டது அது. அல்தாப்ரா தீவு இனத்தைச் சேர்ந்த அத்வைதா என்ற பேராமை இங்கே நெடுங்காலம் வாழ்ந்து 2006 மார்ச்சில் இறந்தது. ராபர்ட் கிளைவ் வைத்திருந்த ஆமை என்றும், இருநூற்றைம்பது வயது என்றும் சொல்லுவர். அவ்வளவும் உறுதிப்பட்ட செய்தியன்று. எனினும், பாரக்பூரிலிருந்து 1870-களில் இங்கு வந்தது என்பதால் ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் இம்மதிலுக்குள் இருந்திருக்கிறது. இந்துமாக் கடலின் தீவொன்றில் பிறந்த இனம்! இதைச் சொன்னபோது மகன், "நம்ம ஆமையும் அவ்வளவு நாள் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்குமா, அப்பா?" என்று கேட்டான். எங்களால் விடையளிக்க இயலவில்லை.

மைத்துனனோ மலைப்பாம்பு ஒன்றின் கண்ணாடியருகே அமர்ந்தவன் இரண்டு மணி நேரம் எழவில்லை. சுருளின் மேல் சுருள் கிடக்கும்போது உடம்பின் கோலம் எங்கே மறைந்து எங்கே மீள்கிறது என்பதைப் பத்துப் பன்னிரண்டு முறை வரைந்து வரைந்து அழித்தான். அவனைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது. பாம்பைப் பார்க்க வந்தவர்கள் படத்தையும் பார்த்து நின்றார்கள்.

இன்று அவன் எவ்வுயிரையும் அடைத்து வைப்பதில்லை. ஞாயிறுதோறும் ஏடும் தண்ணீர்ப் புட்டியுமாய்க் குளக்கரைகளுக்கும் மேதினிபூர்ப் பக்கத்துச் சால மரக்காடுகளுக்கும் போகிறான். தொடுவதில்லை, துரத்துவதில்லை, கல்லைப் புரட்டினால் இருந்தவாறே திருப்பி வைக்கிறான். நாள், நேரம், வெயில், மழை ஆகியவற்றைப் படத்தின் கீழ் எழுதுகிறான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தொண்டை சிவப்பது இரத்தம் உறிஞ்சியதால் அன்று, பெண்ணைக் கவர்வதற்கே என்பதை எங்கள் மதில்மேல் இருந்த ஓணானைக் கொண்டே மெய்ப்பித்தான்.

அவன் உழைப்பின் பயன் இம்மழைக்காலத்தில் தெரிந்தது. கட்டுவிரியனையும், அதனைப் போலவே தோன்றும் நஞ்சற்ற ஓநாய்ப் பாம்பையும் அருகருகே தீட்டிய சுவர்ப்படம் ஒன்றைப் பள்ளிக்காக வரைந்திருந்தான். கட்டுவிரியனின் கருமேனியில் மெல்லிய வெள்ளை வளையங்கள் இரண்டிரண்டாய் வரும். தலைப்பக்கம் மங்கி, வாலை நோக்கித் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பின் பட்டைகளோ முன்பக்கம் தெளிந்து வால்பக்கம் மங்கும். ஓரிரவு அண்டை வீட்டுக் குளியலறையில் பாம்பு புகுந்தது. கழிகள் உயர்ந்தன. மைத்துனன் தொலைவிலேயே நின்று விளக்கொளியில் நோக்கி, ஓநாய்ப் பாம்பு என்றான். ஆயினும், "என் கண்ணை நம்பி யாரும் கிட்டே போகவேண்டாம்" என்று எல்லோரையும் விலக்கி, பாம்பு மீட்போரை வரவழைத்தான். வந்தவர் அவன் சொன்னதே சரி என்றார். பாம்பும் பிழைத்தது, மனிதரும் பிழைத்தனர்.

இதனை விளையாட்டாய்க் கொள்ளற்க. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைத் தீண்டும். வலியும் அதிகம் தெரியாது. மழைக்காலத்தில் கட்டிலும், நன்கு செருகிய கொசுவலையும் காக்கும். கடிபட்டால் மந்திரிப்பவரைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நயா செல்ல விரும்பும் அன்பர்கள் விடியற்காலை வண்டியில் பாலிச்சக் சென்று மாலைக்குள் திரும்பிவிடலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆளுக்கொரு ஏடும் பென்சிலும் கொடுங்கள். சந்தையில் எவரேனும் கூடையைத் திறந்து காட்டினால் வாங்காதீர்கள். இரக்கப்பட்டு வாங்கினாலும் அடுத்த ஆமைக்கு அது முன்பணம் ஆகிவிடும்.

அந்த மரப்பெட்டி இன்றும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. மைத்துனன் தன் படச்சுருள்களை அதில் போட்டு வைத்திருக்கிறான். முதற் சுருள் அந்த இரவில் வரைந்த ஆமை. அதனை விலைக்குக் கேட்டார்கள், அவன் தரவில்லை.