மலையைப் பனையில் வை

கச்சான் காற்று பிடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு வாகரைப் பக்கத்தில் எங்கள் பனிச்சங்கேணிக் கடல் தெளியும். உங்களுக்கும் நினைவிருக்கும். மார்கழி முழுக்க வாடை அடித்து, காட்டு வெள்ளம் களப்பை நிரப்பி, முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் கடலுக்குள் ஓடும். மாசி, பங்குனியில் அது அடங்கும். சித்திரை கழிந்தால் விடியற்காலையில் தோணியில் இருந்து எட்டிப் பார்த்தாலே அடியில் மணல் வரி தெரியும். எங்கள் ஊர்ச் சுழியோடிகள் அந்தத் தெளிவுக்காகத்தான் மழைக்காலம் முழுக்கக் காத்துக் கிடப்பார்கள்.

அந்த நாட்களுக்கு ஒரு மணம் இருந்தது. நைலோன் வலை வருமுன் பருத்தி நூல் வலைதான். பனிச்சங்காயை இடித்துப் பானையில் ஊறப்போட்டு, அந்தத் துவர்ச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவைப்பார்கள். நூல் கறுத்து இறுகும், உப்புத் தண்ணீரில் இலேசில் இற்றுப்போகாது. நைலோன் வந்த பிறகும் அம்மப்பா பழக்கத்தை விடவில்லை. பழைய வீச்சுவலை ஒன்றை வருசம் தவறாமல் தோய்ப்பார். தோணியின் கீறல்களிலும் அதே சாற்றுப் பிசின்தான் பூசுவார். களப்பங்கரைக் கண்டல் சேற்று வாடையும், காயும் கருவாடும், புளித்த பனிச்சங்காயும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

களப்பில் இரவு வேலை. நிலவில்லாத இரவாகப் பார்த்து, காய்ந்த தென்னோலையைச் சூளாகக் கட்டிக் கொளுத்திக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவார்கள். பிறகு பெற்றோமக்ஸ் வந்தது. ஒருவர் கையில் வெளிச்சம், மற்றவர் கையில் மீன் குத்தும் மண்டா. வெளிச்சம் பட்டதும் மணலை மீன் துள்ளி ஓடும். ஓரா அசையாமல் நிற்கும். திருக்கை மணலை மூடிக்கொண்டு படுத்திருக்கும், இரண்டு கண் மட்டும் வெளியே. காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் உரசி உரசித்தான் நடக்க வேண்டும். உரசல் கேட்டால் திருக்கை விலகிவிடும், மிதித்தால் வால் முள் ஏறிவிடும். மாமா எனக்கு முதலில் சொல்லித் தந்த பாடம் வேறு. “மீன் தெரியிற இடத்தில மீன் இல்ல மனே. அதுக்குக் கொஞ்சம் கீழ குத்து.” தண்ணீரில் ஒளி வளையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது எனக்குப் பழைய செய்தியாகத்தான் இருந்தது.

இந்த நுட்பங்களில் பாதி கரையோர வேடர் குடிகளிடம் இருந்து வந்தது என்று அம்மப்பா சொல்வார். குஞ்சன்குளம், பால்சேனை, மாங்கேணி என்று வாகரைப் பக்கம் முழுக்கப் பரந்திருந்த மக்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலும் இந்தக் கரையோரத்தார் வருகிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டு வருவார். களப்புத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார், பிறகு கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டுவார். வலையை அங்கே வீசினால் வெறுமையாக வராது. தண்ணீரின் மேல்தோலில் அவர் எதைக் கண்டார் என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு அது போய்விட்டது.

கடல் வேலை மாமாவுடையது. இரண்டு பேர் ஏறினால் நிறைந்துவிடும் தோணி, ஒரு சவள், நங்கூரத்துக்குக் கயிறு கட்டிய கல். முனை தீட்டிய இரும்புக் கம்பியும், பழைய ரியூப் ரப்பரை வெட்டிய பட்டையும் சேர்ந்து அவர் ஈட்டி. வீட்டிலேயே செய்தது. முகத்துக் கண்ணாடியை உள்ளே உமிழ்ந்து தேய்த்துக் கழுவிய பிறகுதான் மாட்டுவார். முகத்துவாரத்தைத் தாண்டும்வரை பேச்சு கிடையாது. அலை ஓயும் இடைவெளிக்குக் காத்திருந்து, “தாங்கு!” என்ற ஒரே சொல்லில் வெளியே பாய்வோம்.

வெளியே போனதும் மாமா கரையைத்தான் பார்ப்பார். தென்மேற்கே உள்நாட்டில் குடும்பிமலை, 500 மீற்றருக்கு மேல் உயரம், வெயில் ஏறுமுன் மட்டும் நீலமாகத் தெரியும். கரையில் இரட்டைப் பனை. “மலையைப் பனையில வை” என்பார். மலையின் கொண்டை இரு பனைக்கும் நடுவில் வரும்வரை நான் சவள் போடுவேன். அது ஒரு கோடு. வடக்கே மணல்மேட்டின் நுனியும் அதற்குப் பின்னால் நின்ற பெரிய மரமும் மற்றக் கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் கல்லை இறக்கினால் கீழே கடற்பார். ஒவ்வொரு பாருக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தது. எதையும் அவர் எழுதி வைத்ததில்லை.

தலையை நீருக்குள் வைத்ததும் கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு பொரியல் சத்தம். உயிருள்ள பார் அப்படித்தான் பேசும். மாமா மூச்சை இழுத்து நிறுத்தி, காலை மேலே தூக்கி, சத்தமில்லாமல் இறங்குவார். நான் மேலே குப்புற மிதந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பொந்துக்குள் கலவாய் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கும். அவர் உடனே விடமாட்டார். அதன் வயிற்றைப் பார்ப்பார். சினை தெரிந்தால் அப்படியே மேலே வந்துவிடுவார். குஞ்சானாலும் அதே கதைதான். அந்த மூச்சு வீணானது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேலே வந்து, தோணியைப் பிடித்துக்கொண்டு இளைத்து, மறுபடி இறங்குவார். வலைக்குக் கண் இல்லை, போனதெல்லாம் அள்ளும். ஈட்டிக்காரன் ஒவ்வொரு மீனையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பார்த்துத்தான் விடவும் வேண்டும். நான் கடலிடம் கற்ற நல்லொழுக்கம் இதுதான்.

பத்து மணிக்குள் கரை. அடம்பன் கொடிக்கு மேலே, வாடி நிழலில் நெருப்பு மூட்டி, செதிலோடு சுட்ட விளைமீன், உப்பும் பச்சைமிளகாயும் இடித்தது, அவித்த மரவள்ளி. வீட்டுக்குப் போன மீன் புளியாணமாகும். பக்கத்துக் கரைவலை வாடியில் நீர்கொழும்பில் இருந்து பருவத்துக்கு வந்த ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு போகும். கிழவர்கள் அங்கேதான் 1942 ஏப்ரல் 9ஐப் பற்றிச் சொல்வார்கள். யப்பான் விமானங்கள் வந்து, மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பெரிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாழ்த்திய நாள். அந்த இரும்பைச் சுற்றி இப்போது மீன் குடியிருக்கும் என்று சொல்லி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வலையைப் பொத்தத் தொடங்குவார்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். போர் வந்தது. கடலுக்குப் போகலாம் என்ற நாளும், போகக்கூடாது என்ற நாளும் வந்தன. சூள் கொளுத்த முடியாத இரவுகள் வந்தன, வெளிச்சம் உயிருக்கு ஆபத்தானது. பேர்போன பாசிக்குடாப் பார்கள் 1998இன் கடல் வெப்பத்தில் வெளுத்தன. 2004 டிசம்பர் 26 காலை வாகரைக் கரை முழுக்க அலை ஏறியது. இரட்டைப் பனையும் மணல்மேடும் அன்றைக்குப் போயின. 2006 முடிவில் சனம் காட்டு வழியாலும் கடல் வழியாலும் வாழைச்சேனைப் பக்கம் ஓடியது. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்திடம் விழுந்தது. தோணிகள் கரையில் கிடந்து உக்கின. திரும்பி வந்தவர்களோடு மாமா இல்லை, தேன் கொண்டு வந்த பெரியவரும் இல்லை.

இன்றைக்கு அந்தக் கரையைப் பற்றிய பேச்சு இல்மனைற் மணலும் இறால் பண்ணையுமாக இருக்கிறது. இரண்டையும் எதிர்த்து வாகரைச் சனம் தெருவில் இறங்கியிருக்கிறது. பனிச்சங்காய் இடிக்கும் உரல் எந்த வளவிலும் இல்லை.

குடும்பிமலை மட்டும் அசையாமல் நிற்கிறது. ஆனால் மலையை வைக்கப் பனை இல்லை. அடையாளம் ஒன்று மட்டும் மிஞ்சினால் பாரைக் கண்டுபிடிக்க ஏலாது. அது கடலுக்கடியில் அதே இடத்தில் இருந்தாலும் நமக்கு அது தொலைந்ததுதான். ஆகவே, நீங்களும் அந்தத் தோணிகளில் ஏறியவராக இருந்தால், பனைகள் நின்ற இடமோ மணல்மேட்டு நுனியோ ஞாபகம் இருந்தால், அங்கே இன்னும் வலை வீசுகிற பிள்ளைகளிடம் போய்ச் சொல்லுங்கள். மலை எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். பனை எங்கே நின்றது என்று நம்மைவிட்டால் சொல்ல ஆளில்லை.