அகலத்தால் பட்ட அம்பு



தரம் 8 இஸ்லாம் பாடத்தில் வேட்டைப் பிராணி பற்றிய சட்டம் படிப்பித்துக் கொண்டிருந்தோம். அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்கள் மிஃராழ் என்ற ஆயுதத்தால் வேட்டையாடுவது பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கூர்ப்பக்கம் பட்டுத் துளைத்திருந்தால் உண்ணலாம், அகலப்பக்கம் அடித்துச் செத்திருந்தால் அது தடியால் அடிபட்டுச் செத்ததற்குச் சமன், உண்ணக்கூடாது என்பது அதன் கருத்து. மிஃராழ் என்றால் இறகு வைக்காத அம்பு என்று விளக்கம் எழுதியவர்கள் உண்டு. கூர் வைத்த கனமான தடி என்றவர்களும் உண்டு.

பின்வாங்கில் இருந்து ஒரு கை எழும்பியது.

"சேர், அம்பு கூராலதானே போய்க் குத்தும்? அது எப்பிடி சேர் அகலத்தால படும்?"

எமக்கு விடை தெரியவில்லை. அதைவிட உறுத்திய விடயம், பல வருடங்களுக்கு முன் இதே கேள்வியை இன்னொரு மாணவன் கேட்டிருந்தான். "பரீட்சைக்கு வராததக் கேக்காம இரு மகன்" என்று இருத்திவிட்டோம். இருந்துவிட்டான். அந்த வருடம் முழுக்க அவன் பிறகு கை உயர்த்தியதாக ஞாபகமில்லை.

இந்த முறை, "தெரியாது, செய்து பார்ப்போம்" என்றோம்.

மூங்கிலுக்கு ஆற்றோரம் வளவுள்ள ஒருவரைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பழைய மாணவன்தான். இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். எதற்கு என்று கேட்டான். சொன்னோம். கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றவன், "கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லுங்க சேர்" என்றான். அவனுக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை மைதானத்தில் ஒரு வாழைக்குற்றியை நட்டோம். எய்பவருக்குப் பின்னால்தான் எல்லோரும் நிற்க வேண்டும், வில்லைக் கீழே வைக்கும்வரை யாரும் அம்பு பொறுக்கப் போகக்கூடாது என்பது முதல் சட்டம். பத்து எட்டுத் தூரத்தில் இருந்து இறகில்லாத ஆறு அம்புகளை விட்டோம். இரண்டு சரிந்து குத்தின. மூன்று எங்கோ போயின. ஒன்று குறுக்காகத் திரும்பி, பிரம்பால் அடித்தது போல் குற்றியில் அடித்து விழுந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்துவிட்டார்.

கேள்விக்கு விடை ஒரு நிமிடத்தில் கிடைத்தது. அம்பை நேராகப் போக வைக்கத்தான் மூன்று கிழமை போனது.

விஞ்ஞான ஆசிரியை கைகொடுத்தார். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது அம்பு மீன் போல வளைந்து நெளிந்துதான் வில்லைத் தாண்டுகிறது. குச்சி அளவுக்கு மிஞ்சி விறைப்பாக இருந்தால் வலக்கையால் நாணிழுப்பவருக்கு அம்பு இடப்பக்கம் ஒதுங்கும், தொய்வாக இருந்தால் வலப்பக்கம். மரத்தில் அம்பு செய்தவர்களின் பழைய அளவு, 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளில் குச்சியை வைத்து நடுவில் 2 இறாத்தல் தொங்கவிட்டு வளைவை அளப்பது. ஆய்வுகூட நிறைப்படிகளில் 900 கிராம் தொங்கவிட்டோம். 14 குச்சிகளில் ஒரே மாதிரி வளைந்தவை ஐந்துதான். கோணலாக இருந்த கணுக்களை நெருப்பில் வாட்டி, ஆறும்வரை பிடித்து நிமிர்த்தினோம். விரல் சுட்டுக்கொள்ளாத பிள்ளை இல்லை.

இறகு ஊர்க்கோழிச் செட்டையில் இருந்து எடுத்தோம். முதலில் கையில் வந்ததையெல்லாம் ஒட்டினோம், அம்பு தள்ளாடியது. இடச்செட்டை இறகும் வலச்செட்டை இறகும் எதிரெதிராக வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தது ஒரு பெண்பிள்ளை. ஒரு அம்புக்கு மூன்றும் ஒரே பக்கத்துச் செட்டையாக இருக்க வேண்டும். முனையில் ஆணி வைத்துக் கட்டி, பாரம் நிற்கும் இடத்தை முன்னுக்குக் கொண்டுவந்தோம். 70 சென்ரிமீற்றர் அம்பு, பின் நுனியில் இருந்து 42இல் சமநிலையாக நின்றது. நாணில் அம்பு பூட்டும் இடத்தைச் செங்குத்துக்குச் சற்று மேலே நூல் சுற்றி அடையாளமிட்ட பிறகுதான் வால் மேலும் கீழும் ஆடுவது நின்றது.

சோதிக்கச் சட்டகத்தில் தாள் கட்டி, இரண்டு மீற்றரில் இருந்து எய்ய வேண்டும். சிறு துளையும் மூன்று இறகுக் கீறலும் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. நீளமாகக் கிழிந்தால் வால் ஒதுங்குகிறது. தாளுக்குத் திருத்தி முடித்த தவணைப் பரீட்சை விடைத்தாள்களைக் கொடுத்தோம். அவ்வளவு ஆர்வத்தோடு அந்தப் பிள்ளைகள் பரீட்சைத் தாளைத் தொட்டதை நாங்கள் கண்டதில்லை.

வேட்டை அலகு நாங்கள் பூட்டவில்லை. அகலமான அலகு முன்னால் ஒரு சிறகு போல வேலை செய்யும், மயிரளவு கோணலாக இருந்தாலும் அம்பைத் தன் பக்கம் இழுக்கும். அதனால்தான் வேட்டைக்காரர்கள் அம்பை முனையில் நிறுத்திச் சுழற்றி, தள்ளாடுகிறதா என்று பார்ப்பார்கள். சரிந்து வரும் அம்பு தன் பலத்தை ஆட்டத்திலேயே செலவழித்துவிடும், ஆழமாக இறங்காது. மிருகம் காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து சாகும். அறுக்கும் கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம் இதைப் பார்க்காமல் விடுமா? வேட்டைக்கு வழி சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டம் நாட்டில் இருக்கிறது. கட்டுத்துவக்கு வைப்பவர்கள் ஊருக்குள் இருப்பதும் எமக்குத் தெரியும். இது அவர்களுக்கும்தான்.

கடைசிச் சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டோம். வண்டியை வாசலில் விட்டுவிட்டு வந்தான். இறகு வைத்த ஐந்து அம்புகளையும் பிள்ளைகள் எய்து காட்டினார்கள், நான்கு நேராக இறங்கின. அவன் இறகில்லாத ஒன்றைக் கேட்டு வாங்கி எய்தான். குறுக்காக அடித்து விழுந்தது. போய் எடுத்துவந்து பின்வாங்குப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, எம்மைப் பார்த்து, "இதத்தான் சேர் நான் அண்டைக்குக் கேட்டது" என்றான்.